கூடையில் சேர்ந்த துணிக்கைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சொந்த வீட்டையே பள்ளிக்கூடமாக வைத்துப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தையரே பாடம் சொல்லிக்கொடுத்து, கொல்லையில் காய்கறி பயிர்செய்து, கோடையில் விளைந்ததைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துப் பனிக்காலத்துக்கென்று பத்திரப்படுத்தி, ஒருவருடைய சம்பாத்தியத்தைக் கொண்டே நாலைந்து குழந்தைகளை வளர்த்து ஆளாக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. செல்வம் கொழிக்கும் தேசத்தில், கடைக்குப் போனால் கிடைக்காத பொருள் இல்லை என்ற நிலைமையில், அரசாங்கம் கட்டணமில்லாமல் பள்ளிக்கூடம் நடத்திப் பிள்ளைகளை அழைத்துப்போக வண்டியும் அனுப்பிவைக்கும் ஊர்களில், இவர்கள் ஏன் இத்தனை பிரயாசையை வலிய ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி நம்மவர்களுக்கு எழுவது சகஜமே. சிலர் இதைப் பழமையில் கொண்ட மோகம் என்கிறார்கள். வேறு சிலர் கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். விஷயத்தை அருகிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேறொன்று புலப்படும். தாய் பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பதற்கும், ஒரு குழந்தை தனக்கு எழுந்த சந்தேகம் தீரும் வரையில் மணியடிக்கும் என்ற பயமின்றி ஒரே பாடத்தில் நிற்பதற்கும் வேண்டிய காலத்தை இவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அந்த விலையைக் கட்டுவதற்கு அவர்களிடம் உள்ள நாணயம் சிக்கனம் ஒன்றுதான்.

இந்த வாழ்க்கை முறையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஆங்கிலத் தாயின் வாசலில் போய் நிற்பார்கள். இங்கிலாந்தின் கிழக்கே, சதுப்பு நிலம் சூழ்ந்த லிங்கன்ஷயர் சீமையில், எப்வொர்த் என்ற சிற்றூரில் குருவாக இருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி சூசன்னா வெஸ்லி அம்மையார், 1669-இல் லண்டனில் ஒரு போதகருக்கு இருபத்தைந்தாவது குழந்தையாகப் பிறந்தவர். தாம் பெற்ற பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பதைச் சிசுப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். எஞ்சிய மூன்று ஆண்களையும் ஏழு பெண்களையும் தாமே கற்பித்து வளர்த்தவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றிய சார்லஸ் வெஸ்லியும் அந்தப் பள்ளியின் மாணாக்கர்களே என்பது பிரசித்தம். ஆனால் அந்தப் பள்ளி நடந்த வீட்டில் தரித்திரம் எவ்வளவு நெருங்கி வாசம் செய்தது என்பது பலருக்குத் தெரியாது. முப்பது பவுனுக்கும் குறைவான ஒரு கடனுக்காகக் குரு 1705-இல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மனைவி தம் கையிலிருந்த மோதிரங்களை விற்றுக்கொள்ளும்படி அனுப்ப, அவர் மனம் பொறாமல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் எப்போதேனும் அப்பமில்லாமல் இருந்ததுண்டா என்று யார்க் நகரத்துப் பேராயர் விசாரித்தபோது, அப்பம் இல்லாமல் போனதில்லை, ஆனால் அதைச் சம்பாதிக்கப் பட்ட கவலையும் பிறகு அதற்குப் பணம் கட்டப் பட்ட கவலையும் சேர்ந்து அதன் ருசியைக் கெடுத்துவிட்டன என்ற கருத்தில் அம்மையார் பதில் சொன்னார்.

அப்படிப்பட்ட வீட்டில் பாடசாலை நடந்த ஒழுங்கைப் பாருங்கள். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்தறிவிக்கும் நாள். அதற்கு முந்தின நாளே வீடு முழுவதும் ஒழுங்குசெய்யப்பட்டு, அவரவர் வேலை அவரவருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டு, காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரையிலும், பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையிலும் ஒருவரும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று கட்டளையிடப்படும். அந்த ஒரே நாளில் குழந்தை ஆங்கில அரிச்சுவடி முழுவதையும் கற்றுவிட வேண்டும். இரண்டு பெண்கள் மாத்திரம் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார்கள் என்றும், அதனால் அவர்களை மந்தபுத்தி உள்ளவர்களென்று தாம் அப்போது எண்ணியதாகவும் தாயே எழுதியிருக்கிறார். மறுநாள் முதல் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே வாசக பாடம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் அவர் விதித்த நியமம் ஒன்று அந்தக் காலத்துக்கு மிகவும் அபூர்வமானது: நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வரையில் எந்தப் பெண்ணையும் தையல் முதலிய கைவேலைக்கு உட்கார்த்தக் கூடாது. ஊசி முந்தினால் புத்தகம் பிந்திவிடும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். வாரத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு குழந்தைக்குரியது. வியாழக்கிழமை மாலை ஜானுக்கு. அந்த வேளையில் தாயும் அந்தக் குழந்தையும் மட்டும் இருந்து மனம் திறந்து பேசுவார்கள். வளர்ந்து ஆளாகிக் கல்லூரியில் உபாத்தியாயரான பிறகும் அந்த வியாழக்கிழமை மாலைகளை ஜான் வெஸ்லி மறக்கவில்லை.

1709 பிப்ரவரியில் குருமனை தீப்பற்றி எரிந்து, ஐந்து வயது ஜானை மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒருவர் தோள்மீது ஒருவர் நின்று எடுத்துக் காப்பாற்றினார்கள். வீடு மறுபடியும் எழும் வரையில் பிள்ளைகள் பல இடங்களில் சிதறி வாழ்ந்து பழக்கங்கள் கெட்டுத் திரும்பியபோது, அந்தத் தாய் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினார். அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறையைப் பற்றிய செய்திகள் பின்னாளில் ஜான் கேட்டுக்கொண்டதன்பேரில் 1732-இல் தாய் எழுதிய கடிதத்தில் இருக்கின்றன. இன்றைய அமெரிக்கத் தாய்மார்கள் அதை இன்னும் வாசிக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் வீட்டுக்கல்வி புதியதன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1642-இல் பிறந்த சட்டம், குழந்தை வாசிக்கவும் சமயத்தின் மூலாதாரங்களை அறியவும் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் தந்தையர்மீதும் எஜமானர்கள்மீதும் சுமத்தியது. பள்ளிக்குப் போயே தீரவேண்டும் என்ற கட்டாயச் சட்டம் அதே மாசசூசெட்ஸில் 1852-இல்தான் வந்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918-இல் அதை ஏற்றது. ஆகவே வீட்டில் படிப்பது வழக்கமாகவும் பள்ளியில் படிப்பது விசேஷமாகவும் இருந்த காலம் அந்தத் தேசத்தில் நீண்டதே.

சிக்கனத்துக்கும் அங்கே ஒரு பழைய சாஸ்திர நூல் உண்டு. லிடியா மரியா சைல்ட் என்ற அம்மையார் 1829-இல் பாஸ்டனில் வெளியிட்ட ‘சிக்கனமான இல்லத்தரசி’ என்ற புத்தகம் முப்பதுக்கு மேற்பட்ட பதிப்புகள் கண்டது. பணக்காரர்களுக்கும் வேலைக்காரர்கள் உள்ள வீடுகளுக்கும் எழுதப்பட்ட நூல்களின் நடுவே, சிக்கனத்துக்கு வெட்கப்படாதவர்களுக்கு என்று சொல்லி அதை அவர் சமர்ப்பணம் செய்தார். நாலு வருஷம் கழித்து அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதி, அதனால் வாசகர்களையும் வருமானத்தையும் இழந்த தீரர் அவர். அவருடைய உபதேசத்தின் சாரம், வீட்டில் மிஞ்சும் துண்டு துணுக்குகளை வீணாக்காமல் சேர்ப்பதே குடும்ப பரிபாலனம் என்பதும், அந்தத் துணுக்குகளில் பொருள்களோடு காலத்தின் துணுக்குகளையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பதும் ஆகும். கிறிஸ்தவ வாசகர்களுக்கு இதைக் கேட்டவுடனே யோவான் சுவிசேஷம் நினைவுக்கு வரும். ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்த பிறகு, இல்லாமையிலிருந்து உண்டாக்கத் தெரிந்த இயேசு மீந்துபோன துணிக்கைகளைப் பொறுக்கச் சொன்னார்; பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் எத்தனையோ கேட்கிறோம். கூடைகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தக் குடும்பங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டவை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் மறுபடியும் தலையெடுத்ததற்குக் காரணங்கள் பல. அரசாங்கப் பள்ளிகளில் அதிகாரபூர்வமான ஜெபமும் வேத வாசிப்பும் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1962, 1963-ஆம் வருஷங்களில் தீர்ப்பளித்தது பக்தர்கள் பலருக்கு மனக்கிலேசத்தை உண்டாக்கியது. எட்டாம் வகுப்புக்குமேல் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1972-இல் விஸ்கான்சின் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் கூறியது வேறொரு கதவைத் திறந்தது. செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரதி மூர் என்ற தம்பதிகள், எட்டு அல்லது பத்து வயதுக்கு முன்பு குழந்தைகளைச் சம்பிரதாயமான வகுப்பறைப் படிப்பில் கட்டிப்போடுவது அவர்களுடைய கண்ணுக்கும் மனத்துக்கும் கேடு என்று 1975 முதல் நூல்கள் எழுதி வந்தார்கள். சமயப் பற்றைக் காரணமாகக் கொள்ளாத ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியரும் 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார் என்பதையும் சொல்லவேண்டும்; இந்த நதிக்கு இரண்டு ஊற்றுகள். ஆரம்பத்தில் பல மாநிலங்களில் பெற்றோர் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. டெக்சாஸில் பெற்றோர் யாருக்கும் அறிவிக்கக்கூட வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ பாடத்திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் தரவேண்டும். 1999-இல் ஏறக்குறைய 8,50,000 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள் என்று மத்திய அரசாங்கம் கணக்கிட்டது. 2012-இல் அந்தக் கணக்கு 17 லட்சத்தைத் தாண்டியது.

இனி அந்த வீட்டுக்குள் நுழைவோம். முதலில் அடுக்களை, ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. இரண்டு சம்பளம் வரக்கூடிய இடத்தில் ஒரு சம்பளம் போதுமென்று முடிவு செய்த தாய், அந்த இரண்டாவது சம்பளத்தை மிச்சம் பிடித்தே சம்பாதிக்கிறாள். கடைகளில் எந்தப் பொருள் எந்த மாதம் என்ன விலைக்கு வருகிறது என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, விலை இறங்கும்போது மூட்டையாக வாங்குவது ஒரு வழி. மேய்ன் மாநிலத்தில் ஆறு குழந்தைகளின் தாயான எமி டாசிஸின் 1990 முதல் 1996 வரையில் நடத்திய சிக்கனப் பத்திரிகை இந்த விலைநோட்டைத் தேசமெங்கும் பரப்பியது. கோதுமையை மூட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைத்து, வாரத்துக்கு இரண்டு முறை ரொட்டி சுடுவது இன்னொரு வழி. ஒரு கோழியை ஞாயிற்றுக்கிழமை முழுதாகச் சுட்டு, திங்களன்று மிச்ச இறைச்சியை அரிசியோடோ உருளைக்கிழங்கோடோ கலந்து, செவ்வாயன்று எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து ரசம் இறக்கி, அதில் காரட்டும் மொச்சையும் போட்டு மூன்றாம் வேளையையும் கடத்துவது அங்கே சாதாரண கிரமம். உடுப்புகள் மூத்ததிடமிருந்து இளையதற்கு இறங்கிவரும். முடிவெட்டுவது வீட்டுத் திண்ணையில். பாடப் புத்தகங்கள் கோடைக்காலத்தில் கோயில் கூடங்களில் நடக்கும் பழைய புத்தகச் சந்தையில்.

இவ்விடத்தில் டாரிஸ் ஜான்சன் லாங்கேக்கர் என்ற மென்னனைட் சபை அம்மையாரை மறப்பது தகாது. உலகில் உணவுப் பஞ்சம் பேசப்பட்ட 1974-இல் அந்தச் சபையின் நிவாரண ஸ்தாபனம், ஒவ்வொரு குடும்பமும் தன் உணவுச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டது. எப்படிக் குறைப்பது என்று மக்கள் கேட்டபோது, 1976-இல் அவர் ‘குறைவில் நிறைவு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சமையல் நூலைத் தொகுத்துக் கொடுத்தார். மாமிசத்தையே பிரதானமாகக் கொண்ட மேஜையில் பருப்பும் தானியமும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டிய புரதம் கிடைத்துவிடும் என்பதை விளக்கி, பல தேசங்களில் ஊழியம் செய்து திரும்பியவர்கள் அங்கங்கே கற்றுவந்த பக்குவங்களைச் சேர்த்தார். நம்முடைய சப்பாத்தியும் அதில் இருக்கிறது. உலகத்தில் ஒருவன் பட்டினி கிடக்கையில் இன்னொருவன் மிதமிஞ்சித் தின்பது சமய விஷயம் என்று ஒரு சமையல் புத்தகம் சொல்லத் துணிந்ததே பெரிது. இவ்வாறு அயலானை நினைத்துக் கட்டும் வாயையும், தன் பணப்பெட்டியை நினைத்துக் கட்டும் வாயையும் ஒன்றாக எண்ணலாகாது. லாங்கேக்கர் 1979-இல் முப்பத்தொன்பது வயதில் புற்றுநோயால் காலமானார்.

கோடை முடிகிற தருவாயில் அந்த அடுக்களையைப் பார்க்கவேண்டும். ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858-இல் காப்புரிமை பெற்ற மறையுள்ள கண்ணாடி ஜாடி இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகஸ்டு மாதத்தில் தக்காளி ஒரே சமயத்தில் பழுத்துக் குவியும். பிள்ளைகள் தோலுரிக்க, தாய் ஜாடிகளில் அடைக்க, பெரிய அண்டாவில் நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் பாட்டி சொன்னாள் என்று கண்மூடித்தனமாக நடந்தால் பிராணாபாயம் உண்டு. காற்றுப் புகாத ஜாடிக்குள், புளிப்புக் குறைந்த உணவில், பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும்; அதன் வித்துக்கள் கொதிநீரில் சாகமாட்டா. ஆகையால் புளிப்புள்ள பழங்களையும் ஊறுகாயையும் மட்டுமே கொதிநீரில் வைத்தால் போதும். பீன்ஸ், மக்காச்சோளம், இறைச்சி முதலியவற்றை நீராவியின் அழுத்தத்தில் 116 டிகிரி செல்சியஸ் வரையில் சூடேற்றும் பாத்திரத்திலேயே பதப்படுத்தவேண்டும். தக்காளி இரண்டுக்கும் எல்லையில் நிற்பது. எனவே ஒவ்வொரு பெரிய ஜாடிக்கும் இரண்டு மேஜைக்கரண்டி புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்கும்படி விதி. பன்னிரண்டு வயதுப் பெண்ணோ பையனோ இதைச் செய்து பழகும்போது, ரசாயனத்தில் அமிலம் என்றால் என்ன, பௌதிகத்தில் அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் என்ன சம்பந்தம் என்பவை கரும்பலகையில்லாமலே மனத்தில் பதிகின்றன.

தோட்டத்துக்குச் செல்லலாம். அமெரிக்காவின் வடபகுதிகளில் மண் நாலைந்து மாதம் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் கடைசிப் பனி என்றைக்கு விழும் என்ற கணக்கே தோட்டக்காரனுக்குப் பஞ்சாங்கம். அந்த நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஜன்னலோரத்தில் சிறு தட்டுகளில் தக்காளி விதை முளைக்கவைக்கப்படும். பட்டாணியை மட்டும் மண் இளகியவுடன் குளிரிலேயே ஊன்றலாம். வெள்ளைப்பூண்டை முந்தின ஐப்பசியிலேயே புதைத்துவிட வேண்டும். இடமில்லாதவர்களுக்கு மெல் பார்த்தலோமியூ 1981-இல் ஒரு வழி சொன்னார். நாலடிச் சதுரப் பாத்தியொன்றைப் பதினாறு ஓரடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் ஒரு முட்டைக்கோஸ், இன்னொன்றில் நாலு கீரை, வேறொன்றில் ஒன்பது பீன்ஸ், மற்றொன்றில் பதினாறு காரட் என்று நடுவது அது. பெருக்கல் வாய்பாட்டை மண்ணில் எழுதியதுபோல் இருப்பதால் குழந்தைகளுக்கு மிகவும் பிரியமானது. உழைக்க வலுவில்லாதவர்களுக்கு, குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ரூத் ஸ்டௌட் என்ற மூதாட்டி 1955-இல் எழுதிய புத்தகம் கைகொடுத்தது: மண்ணைக் கொத்தவே வேண்டாம், வருஷம் முழுவதும் கனமாக வைக்கோல் பரப்பி மூடிவை, களையும் வராது, ஈரமும் போகாது என்றார் அவர். இவர்கள் எல்லோருக்கும் முன்பே அந்த நிலத்தின் ஆதிக்குடிகள் மக்காச்சோளத்தையும் அவரையையும் பரங்கியையும் மூன்று சகோதரிகளென்று கூறி ஒரே இடத்தில் வைத்தார்கள். தட்டை கொழுகொம்பாகும், அவரையின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும், பரங்கியிலை நிலத்தை மூடி நிழல் தரும். நம் கொல்லைகளில் படரும் பரங்கியும், நம் குழம்பில் உறைக்கும் மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து வந்த செல்வங்களே என்பதால் இந்தத் தோட்டம் நமக்கு அவ்வளவு அந்நியமானதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1943-இல், தேசத்தின் காய்கறியில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தைக் கொல்லைகளே தந்தன என்று சொல்லப்படுகிறது. கொல்லையை விளையாட்டாக எண்ணுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

பாடத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் வேத வாசிப்போடும் பாட்டோடும் நாள் தொடங்கும். கணிதமும் எழுத்தும் காலையில், மனம் தெளிவாக இருக்கும்போது. பல தாய்மார்கள் பின்பற்றும் முறை சார்லட் மேசன் என்ற ஆங்கில ஆசிரியை 1886 முதல் எழுதியவற்றிலிருந்து வந்தது. இயேசுவின்மேல் பக்தி மிகுந்த அந்த அம்மையார் ஆம்பிள்சைட் என்ற மலைநாட்டு ஊரில் ஆசிரியைகளைப் பயிற்றுவித்தார். சிறு பிள்ளைக்கு ஒரு பாடம் கால்மணி, இருபது நிமிஷத்துக்குமேல் நீளக்கூடாது. உணர்ச்சியோடு எழுதிய நல்ல நூலையே வாசித்துக் காட்டவேண்டும். ஒரே முறை கேட்டதைக் குழந்தை தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். பிற்பகல் வெளியில் போய்ப் பார்த்த பூவையும் பறவையையும் நோட்டில் தீட்டவேண்டும். அவர் இறந்து அறுபது வருஷம் கழித்து, 1984-இல், சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய ஒரு நூலின் மூலம் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் அவரைப் புதிதாகக் கண்டெடுத்தார்கள். இந்த முறைக்கு வேண்டிய மூலதனம் பொது நூலகத்தின் சீட்டு ஒன்றுதான்.

மூத்த பிள்ளை இளையதற்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது இந்த வீடுகளின் இன்னொரு வழக்கம். மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறையை ஒரு பெரிய கல்வித் திட்டமாக மேனாட்டுக்குக் கொண்டுபோனவர், சென்னை அனாதைப் பள்ளியில் தலைமை வகித்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார் என்பதும், நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அவர் அந்த வழக்கத்தையும் கைக்கொண்டார் என்பதும், 1797-இல் அவர் தம் திட்டத்தை அச்சிட்டபின் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. ஒரு தாய்க்கு எல்லாப் பாடமும் வராதென்பதற்காக, வாரத்தில் ஒரு நாள் பல குடும்பங்கள் கோயில் கூடத்தில் கூடி, ஒருத்தி விஞ்ஞானமும் மற்றொருத்தி சங்கீதமும் சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு. பிள்ளைகள் பிறரோடு பழகாமல் போவார்களே என்ற ஆட்சேபத்துக்கு இதுவே அவர்கள் கூறும் சமாதானம்.

ஆனாலும் எல்லா ஆட்சேபங்களும் அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடுவன அல்ல. நாலு சுவருக்குள் நடக்கும் பள்ளியில் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் பார்ப்பவர் இல்லை. படிப்பு நடக்கவேயில்லை என்றாலும் கேட்பவர் இல்லை. வீட்டிலேயே படித்து வளர்ந்தவர்கள் சிலரே 2013-இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, இத்தகைய வீடுகளுக்கு மிதமான மேற்பார்வை வேண்டுமென்று கேட்கிறார்கள். அவர்களைப் பகைவர்களென்று தள்ளுவது தவறு என்பது என் அபிப்பிராயம்; அனுபவித்தவர்களின் சாட்சியம் அது. எப்வொர்த்தின் கதையிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஹெட்டி என்று அழைக்கப்பட்ட மெஹெடபெல் வெஸ்லி, சகோதரர்களுக்குச் சற்றும் குறையாத புத்தியும் கவித்துவமும் வாய்ந்தவள். தாய் அவளுக்கு எழுத்தைக் கொடுத்தாள். ஆனால் அவள் ஒருவனை நம்பி வழிதவறிய குற்றத்துக்காகத் தந்தை இரங்காமல், 1725-இல் அவளுக்குச் சிறிதும் பொருந்தாத ஒரு குழாய்த் தொழிலாளிக்கு அவளை மணம்செய்து கொடுத்தார்; துக்கமே அவள் வாழ்க்கையாயிற்று. பெண்ணுக்குக் கல்வி கொடுத்த அதே வீடு அவள் மனத்துக்குச் செவிகொடுக்க மறுத்தது. வீடே உலகமாக உள்ள குடும்பங்கள் ஹெட்டியை மறக்கக் கூடாது.

இன்னொரு சுமையையும் சொல்லவேண்டும். அது தாயின் சுமை. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் குணசாலியான ஸ்திரீ, நிலத்தை விசாரித்து வாங்கித் திராட்சத்தோட்டம் நாட்டி, கதிரில் நூல் நூற்று, வீட்டாருக்கு இருட்டோடே எழுந்து ஆகாரம் கொடுப்பவள். இந்தத் தாய்மார்கள் அவளையே இலட்சியமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அதிகாரத்தை வாசிக்கும் ஆண்கள் பலர், அவளுக்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள் என்ற வசனத்தைக் கவனிப்பதில்லை. காலையில் உபாத்தியாயினியாகவும், மத்தியானம் சமையற்காரியாகவும், மாலையில் தோட்டக்காரியாகவும், இரவில் கணக்குப்பிள்ளையாகவும் ஒரே ஸ்திரீ இருக்கும் வீட்டில், சிக்கனத்தால் வாங்கிய காலம் முழுவதும் மற்றவர்களுக்கே பங்காகி, அவளுக்கு ஒரு நாழிகைகூட மிஞ்சாமல் போவது உண்டு. 2020-இல் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் மூடியபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டில் கற்பிப்பவை அந்த வருஷ வசந்தத்தில் நூற்றுக்கு 5.4 ஆக இருந்து இலையுதிர்காலத்துக்குள் 11.1 ஆக உயர்ந்தன என்று குடிக்கணக்கு இலாகா தெரிவித்தது. அப்போது புதிதாக இந்த வேலைக்கு வந்த தாய்மார்கள் முதலில் உணர்ந்தது இந்தக் களைப்பையே என்பதை ஊகிக்கலாம்.

இதற்குப் பரிகாரத்தைச் சூசன்னா அம்மையாரே செய்து வைத்திருந்தார். எப்வொர்த் வீட்டில் மாலை ஐந்து மணிக்குப் பாடம் முடிந்ததும், வயதில் மூத்த பிள்ளை பேசத் தெரிந்த குழந்தைகளில் மிகவும் இளையதைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போகும். இரண்டாவது பிள்ளை அதற்கடுத்த இளையதை. இப்படியே ஜோடி ஜோடியாகப் பிரிந்து, அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசிப்பார்கள். காலையில் சங்கீதத்தோடு பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் வாசிக்கப்படும். தாயோ, காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியும் தம் அறையில் தனித்திருந்து ஜெபத்திலும் சிந்தனையிலும் எழுத்திலும் கழித்தார். கடன்காரர் வாசலில் நின்ற நாள்களிலும் அந்த வேளையை அவர் காத்துக்கொண்டார். இந்த வாழ்க்கையை மேற்கொள்ள விரும்பும் குடும்பத்தார் கோதுமை மூட்டையும் விதைப் பொட்டலமும் பாடப் புத்தகமும் வாங்குவதற்கு முன்னால், வீட்டுத் தலைவிக்கு இத்தகைய தனி வேளையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குவார்களாக.